பத்தாயம் எவ்வளவோ, துணிச்சல் அவ்வளவு

ஏழை விவசாயி புதிய விதைக்கும் உரத்துக்கும் தயங்குவது அவர் பயந்த சுபாவம் என்பதாலா? 1970களின் பிற்பகுதியில் ஆறு இந்தியக் கிராமங்களில் நிஜப் பணத்தை வைத்து இதைச் சோதித்தார் ஒரு பொருளாதார அறிஞர். அவருக்குக் கிடைத்த பதில் நம் பயிர்க் காப்பீட்டுக்கும் பொருந்துகிறது.

காசைச் சுண்டப் போகிறார்கள். தலையோ பூவோ விழும். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். எது விழுந்தாலும் 50 ரூபாய் போதும் என்று வாங்கிக்கொள்ளலாம். தலை விழுந்தால் 30, பூ விழுந்தால் 150 என்ற ஏற்பாட்டுக்குச் சரி என்று சொல்லலாம். இன்னும் நெஞ்சுரம் இருந்தால், தலைக்கு வெறுங்கை, பூவுக்கு 200 என்று ஆடலாம்.

இன்றைக்கு இது டீக்கடைப் பந்தயம். ஆனால் இந்தக் கேள்வி கேட்கப்பட்ட இடம் வேறு, காலம் வேறு. இன்றைய தெலங்கானாவின் செம்மண் ஊர்களிலும் மகாராஷ்டிரத்தின் கரிசல் ஊர்களிலும், விவசாயிகளிடமும் நிலமே இல்லாத கூலிக்காரர்களிடமும் கேட்டார்கள். அங்கே அப்போது 200 ரூபாய் என்பது ஒரு கூலியாளின் மாத வருமானத்தைவிட அதிகம். ஜெயித்தவருக்குப் பணம் கையில் கொடுக்கப்பட்டது. ஆகவே ஆடியவர்கள் யோசித்துத்தான் ஆடினார்கள்.

கேட்டவர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர். 1943இல் பிறந்த சுவிட்சர்லாந்துக்காரர், வேளாண் பொருளாதார அறிஞர். ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்ற மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தார். 1980இல் அமெரிக்க வேளாண் பொருளாதார இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, ரிஸ்க் என்று வரும்போது மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற துறையில் இன்றும் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது. ஆய்வுக்கூடத்துக்கு வரும் கல்லூரி மாணவர்களை விட்டுவிட்டு, மழையை நம்பிப் பிழைக்கிறவர்களிடம் பெரிய தொகையை வைத்துச் சோதித்த முன்னோடி ஆய்வு அது.

யார் மீது பழி?

பசுமைப் புரட்சி சூடு பிடித்திருந்த நேரம். வீரிய விதை வந்துவிட்டது, யூரியா வந்துவிட்டது. பாசன வசதி உள்ள ஊர்களில் விளைச்சல் ஏறியது. வானம் பார்த்த பூமியில் மட்டும் பல விவசாயிகள் பழைய சோளத்தையும் ஆமணக்கையும் விட்டு நகரவில்லை. பெரிய பண்ணைக்காரர் உரம் போட்டார். இரண்டு ஏக்கர்காரர் கைப்பிடி அளவு தூவினார், அல்லது தூவவே இல்லை.

காரணம் சொல்லக் கற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. ஏழை என்றால் பயம், பயம் என்றால் பழமை, பழமை என்றால் வறுமை என்று ஒரு வட்டம் போட்டுவிட்டார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுபோலத் தோன்றுவதுதான் சிக்கல். ஒரு வருஷம் தவறினால் குடும்பமே பட்டினி என்கிறவர், லாபத்தை விடப் பாதுகாப்பைத்தானே முதலில் பார்ப்பார்? அது சரிதான். ஆனால் அந்தத் தயக்கம் அவர் சுபாவத்தில் இருக்கிறதா, சூழ்நிலையில் இருக்கிறதா? இதற்கு என்ன பதில் என்பதைப் பொறுத்து அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையே மாறும். சுபாவம் என்றால் விழிப்புணர்வுக் கூட்டம் போட வேண்டும், மனதை மாற்ற வேண்டும். சூழ்நிலை என்றால் கடன், காப்பீடு, வேலை என்று கைக்காசு செலவழிக்க வேண்டும். முதலாவது மலிவு. அதனால்தான் அதற்கு ஆதரவாளர்களும் அதிகம்.

இதைச் சோதிக்க பின்ஸ்வாங்கருக்கு ஒரு வசதி வாய்த்திருந்தது. 1975இல் இக்ரிசாட் ஆறு கிராமங்களில் நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தது. மகபூப்நகர் மாவட்டத்தில் அவுரேபள்ளி, டோகூர். சோலாப்பூர் மாவட்டத்தில் ஷிராபூர், கல்மான். அகோலா மாவட்டத்தில் கன்சாரா, கின்கேடா. ஊருக்கு 40 வீடுகள்: சிறிய, நடுத்தர, பெரிய விவசாயிகள் பத்துப் பத்துப் பேர், நிலமற்றவர் பத்துப் பேர். ஆய்வாளர்கள் ஊரிலேயே தங்கி, எந்த வீட்டில் என்ன விதைத்தார்கள், எவ்வளவு கடன் வாங்கினார்கள், மாடு விற்றார்களா என்பதையெல்லாம் வருஷக்கணக்கில் எழுதி வைத்தார்கள். அந்த 240 வீடுகளைத்தான் பின்ஸ்வாங்கர் தன் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

பேச்சு வேறு, காசு வேறு

முதலில் அவர் செய்தது எல்லோரும் செய்வதுதான். உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. 'இப்படி ஒரு வருமானம் நிச்சயம், அப்படி ஒரு வருமானம் வந்தாலும் வரும் வராமலும் போகும், எது வேண்டும்?' என்று கேட்டு, பதிலை வைத்து ஒவ்வொருவரின் தயக்கத்துக்கும் மதிப்பெண் போடுவது. பிறகு அதே ஆட்களோடு நிஜப் பணம் வைத்துக் காசு சுண்டும் ஆட்டம்.

இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. பேட்டியில் கோழையாகத் தெரிந்தவர் ஆட்டத்தில் சாதாரண மனிதராக இருந்தார். இன்னும் சங்கடமான விஷயம், கேள்வி கேட்டது யார் என்பதைப் பொறுத்தே பேட்டி முடிவுகள் சாய்ந்தன. விவசாயியின் மனதை அளப்பதாக நினைத்துக் கேட்டவரின் மனதை அளந்திருக்கிறார்கள். தன் ஆய்வின் பாதியே பயனற்றது என்பதை பின்ஸ்வாங்கர் மறைக்காமல் எழுதினார். வெறும் வாய்க்கேள்வியை நம்பி ஊரைப் பற்றி முடிவு கட்டுகிறவர்களுக்கு அந்தப் பாதி இன்றும் நல்ல பாடம்.

ஆட்டத்தை அவர் அவசரப்பட்டு நடத்தவில்லை. முதலில் 50 காசு மதிப்பில் சில சுற்றுகள். ஆட்டம் புரிந்து, கொடுப்பதாகச் சொன்ன பணத்தைக் கொடுக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்தபிறகு 5 ரூபாய் மதிப்பில். வாரங்கள் கழிந்தபின் 50 ரூபாய் மதிப்பில். 500 ரூபாய் மதிப்பில் மட்டும் வாய்க்கேள்வியாக. விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்; தொகைதான் பத்துப் பத்து மடங்காக ஏறியது.

பெட்டிச் செய்தி: நீங்களும் ஆடிப் பாருங்கள்

50 ரூபாய் ஆட்டத்தின் முக்கியமான ஆறு வாய்ப்புகள் இவை. மொத்தம் எட்டு, மற்ற இரண்டும் இடையில் வைத்த சுமாரான வாய்ப்புகள்.

1. தலை 50, பூ 50. சராசரி 50.
2. தலை 45, பூ 95. சராசரி 70.
3. தலை 40, பூ 120. சராசரி 80.
4. தலை 30, பூ 150. சராசரி 90.
5. தலை 10, பூ 190. சராசரி 100.
6. தலை 0, பூ 200. சராசரி 100.

கீழே இறங்க இறங்க, தலை விழுந்தால் கிடைப்பது குறைகிறது. பதிலுக்குச் சராசரி ஏறுகிறது. ஐந்திலிருந்து ஆறுக்குப் போனால் மட்டும் சராசரி ஏறாது, ஆபத்துதான் ஏறும். முதலாவதை எடுப்பவர் இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்க மாட்டேன் என்பவர். ஆறாவதை எடுப்பவர் சூதாட்டத்தின் ருசிக்காகவே ஆடுகிறவர். பதிலைச் சொல்லும் முன், உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை 200 ரூபாயின் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஊரே ஒரே இடத்தில்

50 காசு ஆட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சிலர் விளையாட்டாக ஆறாவதை எடுத்தார்கள், சிலர் முதலாவதை. தொகை ஏற ஏற அந்தச் சிதறல் சுருங்கியது. 50 ரூபாய் ஆட்டத்துக்கு வந்தபோது பெரும்பாலோர் நடுவில், மூன்றாவதையும் நான்காவதையும் சுற்றி வந்து நின்றார்கள். ஒட்டுமொத்தமாகப் பயந்து 50 ரூபாயோடு ஒதுங்கியவர்கள் மிகச் சிலர். கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர்களும் அப்படியே. அகலக் கால் வைக்கவும் இல்லை, ஒரே இடத்தில் உட்காரவும் இல்லை.

இதற்குள் இருந்த பெரிய செய்தி வேறு. நாற்பது ஏக்கர்காரரும் நிலமே இல்லாதவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடினார்கள். சொத்து அதிகம் இருந்தால் துணிச்சல் ஒரு இழை கூடுவதுபோலத் தெரிந்தது. ஆனால் அதைப் புள்ளியியல் உறுதிப்படுத்தவில்லை. வயது, படிப்பு, சாதி என்று எந்த வரிசையில் அடுக்கினாலும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: முந்தைய சுற்றுகளில் அதிர்ஷ்டம் அடித்தவர்கள் அடுத்த சுற்றில் கொஞ்சம் கூடுதலாகத் துணிந்தார்கள். அதாவது ஆளின் குணத்தைவிட அவருக்கு அண்மையில் நடந்தது அதிகம் பேசியது.

இன்னொரு புதிரும் இதில் இருந்தது. 1738இல் டேனியல் பெர்னூலி ஒரு கருத்தைச் சொன்னார்: ஒரு ரூபாயின் மதிப்பு, அதைப் பெறுகிறவரிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பொருளியல் இருநூறு வருஷத்துக்கும் மேலாக இதன்மேல்தான் கட்டப்பட்டது. இதன்படி, நிலம், வீடு, மாடு எல்லாவற்றையும் மனதில் கூட்டிக்கொண்டு, 'இதோடு 30 சேர்ந்தால் எப்படி, 150 சேர்ந்தால் எப்படி' என்றுதான் ஒருவர் யோசிப்பார். 1981இல் எழுதிய கட்டுரையில் பின்ஸ்வாங்கர், தன் கிராமத்தார் அப்படி யோசிக்கவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் ஆட்டத்தில் வருவதையும் போவதையும் தனியாகவே பார்த்தார்கள். இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தவர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும். நிச்சயமாக 3,000 வேண்டுமா, 80 சதவீத வாய்ப்பில் 4,000 வேண்டுமா என்று 1979 ஆய்வில் அவர்கள் கேட்டபோது, 80 சதவீதம் பேர் நிச்சயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதையே நஷ்டமாக மாற்றிக் கேட்டபோது 92 சதவீதம் பேர் சூதாடத் துணிந்தார்கள். லாபம் என்றால் பத்திரம், நஷ்டம் என்றால் துணிச்சல். கானமனுக்கு 2002இல் நோபல் பரிசு வந்தது. அவர்கள் கேட்டவை பெரும்பாலும் காகிதக் கேள்விகள். சோளமும் பருத்தியும் விளைகிற ஊரில் மாதக் கூலியைக் கையில் வைத்துக் கேட்டது பின்ஸ்வாங்கர்தான்.

ஆட்டம் வேறு, வயல் வேறு

ஆட்டத்தில் எல்லோரும் ஒன்று. வயலில் ஏன் வேறு வேறு? இந்த இடத்தில்தான் பின்ஸ்வாங்கரின் கண்டுபிடிப்பு கனம் பெறுகிறது. மனது ஒன்றாக இருந்தும் செயல் வேறாக இருக்கிறது என்றால், வித்தியாசம் மனதுக்கு வெளியே எங்கோ இருக்க வேண்டும். 1983இல் டொனால்ட் சில்லர்ஸுடன் சேர்ந்து எழுதியபோது அதைத் தெளிவாகவே சொன்னார். பிலிப்பைன்ஸ் நெல் விவசாயிகளிடம் சில்லர்ஸ் இதேபோன்ற ஆட்டத்தை நடத்தியிருந்தார். ஏழையையும் பணக்காரரையும் பிரிப்பது கடன் கிடைப்பதிலும் இடிவிழுந்தால் தாங்கிக்கொள்வதிலும் உள்ள வித்தியாசம்தான் என்பது அந்தக் கட்டுரையின் சாரம்.

ஆட்டத்துக்கும் வயலுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆட்டத்தில் மிக மோசமாகப் போனாலும் கைக்கு ஒன்றும் வராது, அவ்வளவுதான். வயலில் மோசமாகப் போனால் கையில் இருப்பதும் போகும்.

மானாவாரி விவசாயி ஒருவரின் ஜூன் மாதத்தைப் பாருங்கள். முதல் மழை பெய்கிறது. இப்போது விதைத்தால் ஈரம் இருக்கிறது, பயிர் முந்தும், விலையும் கிடைக்கும். ஆனால் அடுத்த மழை மூன்று வாரம் தள்ளிப்போனால் முளைத்தது அத்தனையும் கருகும். மறுபடி உழவேண்டும், மறுபடி விதை வாங்க வேண்டும், விதைக்கான பணம் இரண்டு தடவை போகும். உரத்தை விதையோடு அடியுரமாகப் போட்டிருந்தால் அந்தக் காசும் மண்ணோடு மண். அதையும் வட்டிக்கு வாங்கியிருந்தால், பயிர் செத்தாலும் வட்டி சாகாது. வீட்டில் அடுத்த சாப்பாட்டுக்குத் தானியம் இருக்கிறவர் முதல் மழைக்கே விதைத்துவிடுவார். இல்லாதவர் இரண்டாவது மழை வரட்டும் என்று காத்திருப்பார். காத்திருந்த இரண்டு வாரத்தில் விளைச்சலில் ஒரு பங்கு போய்விடும். இந்தத் தயக்கத்துக்கு 'பயம்' என்று பெயர் வைப்பது, கையில் பணம் இல்லாதவரைக் கஞ்சன் என்று சொல்வதற்குச் சமம்.

இந்தத் தயக்கத்துக்கு விலை எவ்வளவு? மார்க் ரோசன்ஸ்வைக்குடன் சேர்ந்து 1993இல் எழுதிய கட்டுரையில் பின்ஸ்வாங்கர் அதைக் கணக்கிட்டார், அதே கிராமங்களின் கணக்குப் புத்தகங்களை வைத்து. பருவமழை தொடங்கும் நாள் எவ்வளவு முன்பின் ஆகிறது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல். அந்த நிச்சயமின்மை ஒரு திட்டவிலக்கம் கூடினால் நடுத்தர விவசாயியின் லாபம் 15 சதவீதம் குறைகிறது. சொத்தில் அடிமட்டத்தில் உள்ள கால்பங்கினருக்கு 35 சதவீதம். மேல்தட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மழை எல்லோருக்கும் ஒன்றாகத்தான் பெய்கிறது. ஆனால் வராமல் போகலாம் என்ற அச்சத்துக்கு ஏழைதான் முன்கூட்டியே அபராதம் கட்டுகிறார். மழை நன்றாகவே பெய்த வருஷத்திலும் அந்த அபராதம் கட்டப்பட்டுவிடுகிறது. ஏனென்றால் அவர் விதைத்ததே பத்திரமான, லாபம் குறைந்த பயிர்.

ஊர் போட்ட காப்பீடு

அரசாங்கமும் கம்பெனியும் வருவதற்கு முன்பே கிராமம் தனக்கென்று ஒரு காப்பீட்டைக் கட்டிவைத்திருந்தது. சோளத்தோடு துவரையை ஊடுபயிராகப் போடுவது அதில் ஒன்று. ஒன்று தவறினாலும் மற்றது கைகொடுக்கும். ஒரே இடத்தில் நிலம் வைத்திருக்காமல் ஊரின் நாலா பக்கமும் துண்டு துண்டாக வைத்திருப்பது இன்னொன்று. கைமாற்று, கூலியில் முன்பணம், சொந்தக்காரர் அனுப்பும் மூட்டை என்று பட்டியல் நீளும்.

இது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று ராபர்ட் டவுன்செண்ட் 1994இல் சோதித்தார். அவுரேபள்ளி, ஷிராபூர், கன்சாரா ஆகிய மூன்று ஊர்களின் கணக்கு. ஒரு வீட்டின் வருமானம் சரிந்தால் அந்த வீட்டின் சாப்பாடும் அதே அளவு சரிய வேண்டும் அல்லவா? அப்படிச் சரியவில்லை. ஒவ்வொரு வீட்டின் செலவும் தன் வருமானத்தைவிட ஊரின் சராசரியோடு அதிகம் ஒட்டி நகர்ந்தது. முழுமையான பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

ரோசன்ஸ்வைக்கும் ஓடெட் ஸ்டார்க்கும் 1989இல் கண்டது இன்னும் வியப்பானது. வானிலை ஆபத்து அதிகம் உள்ள குடும்பங்கள் பெண்களைத் தொலைவான ஊர்களில் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் ஊரில் மழை பெய்திருக்கலாம், அப்பா ஊரில் பொய்த்திருக்கலாம். சம்பந்தம் வழியாக உதவி நகரும். சொந்தம் பார்த்துச் சம்பந்தம் செய்வதில் வானிலைக் கணக்கும் ஒளிந்திருந்தது. இதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால், பிறந்த வீட்டை விட்டு நாலு மாவட்டம் தள்ளிப்போன பெண் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடுகளுக்கு எல்லை உண்டு. ஊருக்கே பஞ்சம் வந்தால் யாரிடம் யார் கைமாற்று கேட்பது? அப்போது விற்கக் கிடைப்பது உழவுமாடுதான். ரோசன்ஸ்வைக்கும் கென்னத் வோல்பினும் 1993இல் காட்டியதுபோல, மோசமான வருஷத்தில் மாடு சந்தைக்குப் போகிறது. இந்த வருஷம் அடுப்பு எரிகிறது, அடுத்த வருஷம் ஏர் பூட்ட மாடில்லை. பசியைத் தள்ளிப்போட்டால் அதுவே கடனாகத் திரும்பி வருகிறது.

மழைமானி மீது நம்பிக்கை

2003இல் மகபூப்நகரில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. பேசிக்ஸ் என்ற சிறுகடன் நிறுவனமும் ஐசிஐசிஐ லோம்பார்டு காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து மழைக் காப்பீடு விற்றன. வயலைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் தொல்லை இல்லை. அருகிலுள்ள மழைமானியில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் மழை பதிவானால் பணம் கைக்கு வரும். நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்கு இதைவிட எளிமை என்ன வேண்டும்?

வாங்கியவர்கள் சொற்பம். சேவியர் ஜீனே, டவுன்செண்ட், ஜேம்ஸ் விக்கரி மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ரிஸ்க்குக்கு அஞ்சுகிறவர்கள்தான் காப்பீடு வாங்குவார்கள் என்பது பாடப்புத்தகம். இங்கே அஞ்சுகிறவர்கள்தான் குறைவாக வாங்கினார்கள். குறிப்பாக விற்கும் நிறுவனத்தைப் பற்றி அதிகம் தெரியாதவர்கள். பிறகு நடந்த சோதனைகளிலும் விலை, கையில் காசு இல்லாமை, நம்பிக்கையின்மை ஆகியவை தடைகளாக வந்தன. 

யோசித்துப் பார்த்தால் அந்த விவசாயி சொல்வது நியாயம்தான். அவர் கண்ணில் அந்தப் பாலிசியே ஒரு காசு சுண்டும் ஆட்டம். மழைமானி நிற்பது ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கே தூறல் விழுந்து, என் காட்டில் காய்ந்தால், பிரீமியமும் போச்சு, பயிரும் போச்சு. அப்படி ஒரு வருஷம் வந்தால், காப்பீடு எடுக்காதவரைவிட எடுத்தவருக்குத்தான் கையில் காசு குறைவு. அஞ்சுகிறவர் அந்த ஆட்டத்துக்கு எப்படி ஒப்புவார்?

பணம் வரும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் வயல் மாறுகிறது. முஷ்பிக் மொபராக்கும் ரோசன்ஸ்வைக்கும் தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் மழைக் காப்பீட்டை விற்றுச் சோதித்தார்கள். தமிழ்நாட்டில் அது கிடைத்த நெல் விவசாயிகள், வறட்சியைத் தாங்கும் ரகத்தை விட்டு, விளைச்சல் அதிகம் ஆனால் ஆபத்தும் அதிகமான ரகங்களுக்கு மாறினார்கள். ஆந்திரத்தில் ஷான் கோல் குழுவினர் நடத்திய சோதனையிலும் காப்பீடு பெற்றவர்கள் பணப்பயிர் பக்கம் நகர்ந்தார்கள். யாருடைய மனதையும் யாரும் மாற்றவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் மாறியது.

மொபராக் ஆய்வில் ஒரு கசப்பும் உண்டு. விவசாயி துணிந்து ஆபத்தான பயிருக்குப் போகும்போது, மழை தவறிய வருஷத்தில் அறுக்க ஒன்றும் இருக்காது. அப்போது கூலியும் விழும். காப்பீடு நிலத்துக்காரருக்கு, மழையின் ஆட்டத்தைக் கூடுதலாகத் தாங்குவது நிலமில்லாதவர். பின்ஸ்வாங்கரின் 240 வீடுகளில் கால்பங்கு நிலமற்றவர்கள். நம் திட்டங்களில் பெரும்பாலானவை அவர்களை எண்ணுவதில்லை.

இப்போது என்ன செய்வது?

2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பங்கு குறைவு: காரிஃப் உணவுப்பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5, பணப்பயிருக்கும் தோட்டப்பயிருக்கும் 5. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. பல பயிர்களில் இழப்பைக் கணிப்பது வட்டார அளவில், பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம். அதாவது என் வயலின் கணக்கு அல்ல, ஊரின் சராசரி. மழைமானியின் இடத்தில் ஊர் சராசரி வந்திருக்கிறது. ஊருக்கு நல்லபடி விளைந்து எனக்கு மட்டும் அழிந்தால், கதை அங்கே மகபூப்நகரில் நடந்ததுதான். 2020 காரிஃப் பருவத்திலிருந்து கடன் வாங்கிய விவசாயிகளுக்கும் இது கட்டாயமில்லை. ஆகவே இனிமேல் விவசாயி தானாக நம்பி வர வேண்டும். நம்பிக்கை விளம்பரத்தில் வராது. இழப்பு வந்த வருஷத்தில், அடுத்த விதைப்புக்கு முன் பணம் வந்ததா என்பதில்தான் வரும். விதைப்பு முடிந்தபின் வருகிற இழப்பீடு வட்டிக்காரனுக்குத்தான் போகும்.

காப்பீடு ஒன்றே வழியும் அல்ல. மகாராஷ்டிரத்தின் வேலை உறுதித் திட்டத்துக்கு 1977இல் சட்டம் வந்தது. ஷிராபூரிலும் கன்சாராவிலும் அந்த வேலை கிடைத்தது, அவுரேபள்ளியில் அப்படி ஒன்று கிடையாது. முதல் இரண்டு ஊர்களில் நிலமற்றவர்களின் வருமான ஏற்ற இறக்கம் குறைவாக இருந்ததை இக்ரிசாட் ஆய்வாளர்கள் குறித்தார்கள். 2005 சட்டத்தின் கீழ் நாடு முழுதும் வந்த நூறுநாள் வேலைத் திட்டத்தை ஆந்திரத்தில் ஆராய்ந்த எஸ்தர் கேர்க்கே, அந்த வேலை கிடைத்த குடும்பங்கள் ஆபத்தும் லாபமும் கூடிய பயிர்களுக்கு நகர்ந்ததைக் காட்டினார். குளம் வெட்டும் கூலி, பருத்தி போடும் துணிச்சலாக மாறியிருக்கிறது. நூறுநாள் வேலையால் விவசாயம் கெட்டுப்போகிறது என்று திண்ணையில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்கலாம்.

பின்ஸ்வாங்கர் 1980இல் உலக வங்கிக்குப் போனார், கால் நூற்றாண்டு அங்கே பணியாற்றினார், 2017இல் தென்னாப்பிரிக்காவில் காலமானார். அவர் ஆட்டத்தை எத்தனையோ நாடுகளில் திரும்ப நடத்தியிருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் நடத்தியபோது தயக்கம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. ஆகவே ஆறு ஊர் முடிவை உலகத்துக்கே விதி என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்கக் கற்றுக்கொடுத்த கேள்வி நிற்கிறது.

புதிய விதையோடு ஊருக்கு வரும் அதிகாரி, புதிய கடனோடு வரும் வங்கிக்காரர், டிராகன் பழம் போடுங்கள் என்று யூடியூபில் பேசும் நிபுணர், எல்லோரும் முதலில் பதில் சொல்ல வேண்டியது லாபக் கணக்குக்கு அல்ல. 'தவறினால் அந்த வருஷம் இந்த வீட்டில் யார் சோறு போடுவார்கள்?' என்பதற்கு. அதற்குப் பதில் இருக்கும் இடத்தில் துணிச்சலைப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை, விவசாயி தானே துணிவார். பதில் இல்லாத இடத்தில் தயங்குகிற விவசாயிதான் சரியாகக் கணக்குப் போடுகிறார்.